நூற்றெண்பது வெயில் நாட்கள்

உப்பளத்தில் வேலை செய்யும் நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் உடம்புச் சூடு அதிகமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். பெயர் தயாபரன், வேதியியலில் முனைவர் பட்டம், சொந்த ஊர் சேலம். அந்தத் தாளை இப்போது யாராவது எடுத்துக் காட்டினால் முதலில் சிரிப்பு வருகிறது, பிறகு கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. மே மாதத்துத் தூத்துக்குடியில், ஒரு முள்மரத்து நிழல்கூட இல்லாத வெளியில், எட்டு மணி நேரம் உப்பு வாருகிறவர்களின் உடம்பு முப்பத்தாறு புள்ளி எட்டு டிகிரி என்று காகிதம் சொல்கிறது. அதை நம்புவதற்கு ஒருவன் எவ்வளவு படித்திருக்க வேண்டும்?

2038-ம் ஆண்டு அது. காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை விழுங்குவதற்குப் பதிலாக ஒரே ஒரு ஊசி. எங்கள் கம்பெனியின் பெருமையே அதுதான். மருந்தைப் பொதிந்து வைக்கும் மேல் ஓட்டைச் செய்வதும், அது எத்தனை நாளில் கரையும் என்று கணக்குப் போடுவதும் என் வேலை. சோதனைக்கு உப்பளத் தொழிலாளர்களைத் தேர்ந்தெடுத்தோம். உப்பும் தூசியும் நெருக்கமான வீடுகளுமாக அங்கே நோய் அதிகம், மாத்திரையைப் பாதியில் நிறுத்துகிறவர்களும் அதிகம். ரேஷன் கடைக்கு எதிரே இருந்த சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டு, எல்லோருக்கும் டீயும் பன்னும் கொடுத்து, நானே எழுந்து விளக்கினேன்.

முன்வரிசையில் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தவள் செல்லக்கனி. நாற்பது வயது இருக்கும். பக்கத்தில் பள்ளிச் சீருடையில் மகள் பாக்கியம், பிளஸ் டூ படிக்கிறவள். நான் பேசி முடித்ததும் செல்லக்கனிதான் முதலில் கேட்டாள்.

"பாலியெஸ்டர்னு சொல்லுதிய. அது சட்டைத் துணில்லா சார்? அத எப்படி உடம்புக்குள்ள ஏத்துவிய?"

"துணிக்குத் தூரத்துச் சொந்தம்க்கா இது. ஆனா உடம்புத் தண்ணியில கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சிரும். மருந்த இதுக்குள்ள பொதிஞ்சு, கண்ணுக்கே தெரியாத உருண்டையா ஆக்கி ஊசியில ஏத்துவோம். அது நேரா கிருமி ஒளிஞ்சிருக்கிற எடத்துலயே போய் உட்கார்ந்துக்கும். ஓடு கரையக் கரைய மருந்து வெளிய வரும். ஆறு மாசத்துக்கு அளவா வரும்."

"கரைஞ்ச ஓடு எங்க போவும்?"

"தயிர்ல ஒரு புளிப்பு இருக்குல்ல, அந்த மாதிரி ஒண்ணா மாறிரும். உடம்பே அதச் செரிச்சுரும்."

பிறகு, "எங்களுக்கு வெயில் கூடிச்சின்னா எல்லாமே வெரசா நடக்கும். இதுக்கு எப்படி?" என்றாள்.

"உடம்புக்குள்ள வெயில் அடிக்காதுக்கா" என்றேன் நான். கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள். என்னைக் கேட்டால், அன்றைக்கே என்னை வேலையை விட்டுத் தூக்கியிருக்க வேண்டும்.

அவள் ஊசிக்குச் சம்மதித்ததற்குக் காரணம் இருந்தது. பழைய முறையில், தினமும் காலை ஒன்பது மணிக்குச் சுகாதார நிலையத்தில் பணியாளர் பார்க்க மாத்திரையை விழுங்க வேண்டும். ஒன்பது மணிக்கு அளத்தில் பாதி வேலை நடந்துகொண்டிருக்கும். அவள் புருஷன் அப்படி ஓடி ஓடிப் பார்த்துவிட்டு, மூன்றாவது மாதம் மாத்திரையை நிறுத்தி, அடுத்த ஆண்டு இறந்துபோனான். அவளுக்கும் அதே நோய் வந்துவிட்டது. ஆனால் அவளுக்குச் செத்துப்போக நேரமில்லை. பாக்கியம் ஒரு நாள்கூட அளத்தில் கால் வைக்கக் கூடாது, நிழலில் உட்கார்ந்து பார்க்கிற ஒரு வேலைக்குப் போக வேண்டும். நான் கேட்காமலே இதை என்னிடம் சொன்னாள். என்ன வேலை என்பதில் அவளுக்கு எந்தப் பிடிவாதமும் இல்லை, தலைக்கு மேல் கூரை இருந்தால் போதும்.

ஊசி போட்ட ஐந்தாவது வாரம் அவள் வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவளுக்குக் கேட்கவில்லை. குழம்பு கரிந்த பிறகுதான் தெரிந்தது. அடுத்த பதினைந்து நாளில் முப்பத்தொரு பேர் காது கேட்கவில்லை என்று வந்து நின்றார்கள். அதில் இருபத்தொன்பது பேர் பெண்கள். எங்கள் மருந்து அளவாக வந்தால் கிருமியைக் கொல்லும், அளவுக்கு மீறினால் காது நரம்பைக் கொல்லும். இது எங்களுக்கு முன்பே தெரிந்த விஷயம். ஆறு மாதத்துக்கு வர வேண்டிய மருந்து இவர்களுக்கு ஒரே மாதத்தில் வந்து தீர்ந்திருந்தது. போன காது திரும்பி வராது.

எல்லாத் தாளையும் புரட்டினேன். உடம்புச் சூடு வாரத்துக்கு இரண்டு முறை எடுக்கப்பட்டிருந்தது. எல்லாம் முப்பத்தேழுக்குக் கீழே, எல்லாம் என் கையெழுத்தோடு. வேறு வழி தெரியாமல் ஒருநாள் காலை பதினோரு மணிக்கு நானே வெப்பமானியை எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனேன். கண்ணைத் திறக்க முடியாத வெள்ளை வெளி. ஊசி போடாத ஒரு பெண்ணிடம் வெப்பமானியை நீட்டினேன். முப்பத்தொன்பது புள்ளி இரண்டு. அடுத்தவள் முப்பத்தொன்பது புள்ளி நான்கு. கருவி பழுது என்று நினைத்து என் வாயில் வைத்துப் பார்த்தேன். கருவியில் ஒரு குறையும் இல்லை.

வெயில் மட்டும் காரணமில்லை. அந்த வெட்டவெளியில் பெண்கள் ஒதுங்க ஒரு மறைவும் கிடையாது. அதனால் விடியற்காலை முதல் வேலை முடியும்வரை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். உடம்பு வியர்க்கக்கூட வழியில்லாமல் கொதிக்கும். ஆண்கள் குடித்தார்கள், எங்கேயும் ஒதுங்கினார்கள், தப்பித்தார்கள்.

சூடு எடுத்தவர் ஃபிலோமினா சிஸ்டர். பொறுமையான மனுஷி, இருபது வருட அனுபவம். இந்தப் பெண்களின் வீடுகளுக்கு மாலை நான்கு மணிக்குத்தான் போவார். அப்போதுதானே வீட்டில் இருப்பார்கள்? நடந்ததைச் சொல்லி, எப்படி இந்த எண்கள் வந்தன என்று கேட்டேன்.

"நான் வாரேன்னு தெரிஞ்சா மூணு மணிக்கே தண்ணி கோரி வச்சுருவாவ சார். தலையோட நாலு குடம் ஊத்தி, மஞ்சள் தேச்சுக் குளிச்சு, மடிச்சு வச்ச சேலையக் கட்டிக்கிட்டுத்தான் எங்கிட்டக் கையை நீட்டுவாவ. ஆஸ்பத்திரிக்காரி தொடுற உடம்புல உப்பு இருக்கலாமான்னு ஒரு மரியாதை. தண்ணி இல்லாத வீட்டுல பக்கத்து வீட்டுக் குடத்தக் கடன் வாங்கிக் குளிச்சாவ. நான் சந்தோசப்பட்டேன் சார். எவ்வளவு சுத்தமா இருக்காவன்னு ஒங்க நோட்டுல எழுதிக்கூட வச்சேன்."

அவருக்குப் புரியும்படி நான் விளக்கினேன். கமர்கட் டப்பாவில் இருக்கும்போது கல் மாதிரி இருக்கும், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தால் இளகி ஒட்டிக்கொள்ளும். எங்கள் ஓடும் அந்த ரகம்தான். முப்பத்தெட்டரை டிகிரி வரை கெட்டியாக இருந்து மெதுவாகக் கரையும். அதைத் தாண்டினால் இளகிப்போய் உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிடும். குளிரூட்டிய ஆய்வகத்தில், முப்பத்தேழு டிகிரி தண்ணீர்த் தொட்டியில் வைத்து நாங்கள் அதைப் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தோம். மனித உடம்பென்றால் முப்பத்தேழு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான் எங்கள் எல்லோருடைய ஞானமும்.

விசாரணை நடந்தது. அளவீட்டில் நடைமுறைப் பிழை என்று அறிக்கை வந்தது. பிழை என்றால் அதைச் செய்த ஓர் ஆள் வேண்டுமல்லவா, ஃபிலோமினா சிஸ்டரை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் என் கையெழுத்தும் வெளியே வரும் என்ற பயம். பயம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இப்போது வெட்கமில்லை. அரசாங்கம் தன் பங்குக்கு அளங்களில் நிழற்கூரையும் தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறையும் கட்ட உத்தரவு போட்டது. சில இடங்களில் கட்டவும் செய்தார்கள்.

செல்லக்கனியைக் குத்தகைக்காரர் காசிலிங்கம் அண்ணாச்சி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உப்பு ஏற்றும் லாரி பின்னால் வரும், ஹாரன் அடித்தால் கேட்காது, அடிபட்டுச் செத்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார். பக்கத்தில் ஒரு துணை இருந்தால் வரலாம். பாக்கியம் கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. படிப்பை விட்டுவிட்டு, அம்மாவுக்குக் காதாக, அளத்தில் இறங்கினாள். இதை எனக்குச் சொன்னவர்கள், நல்ல பெண் என்று அவளைப் பாராட்டினார்கள்.

எனக்கு அதற்குப் பிறகு தூக்கம் போய்விட்டது. இதைச் சரிசெய்யாமல் சாகக் கூடாது என்று வெறி பிடித்தது போல் வேலை செய்தேன். அப்படி வந்ததுதான் வெயில் வகை. யோசனை எளிது. சூடான உடம்பில் ஓடு இளகும் என்றால், சூடான உடம்புக்கென்றே ஓர் ஓடு செய்வோம். முப்பத்தெட்டரைக்குக் கீழே இறுக மூடிக் கிடக்கும். அதற்கு மேலே போனால் அளவாகக் கசியும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம் சூடு ஏறினால் அன்றைக்கு வேண்டிய மருந்து சரியாக வந்துவிடும். அதிகம் வராது, யார் காதும் போகாது. அப்படி நூற்றெண்பது நாள்.

எங்கள் இயக்குநர் மாலதி மேடம் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. நெறிமுறைக் குழுவின் முன் வைத்தோம். அங்கே ஒரு பேராசிரியர் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்டார். உடம்பு சூடேறாத நாளில் மருந்து வராதே, அப்போது என்ன செய்வது? நான் தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னேன். வெந்நீர்த் தொட்டியில் ஐந்து மணி நேரம் உட்கார வைத்தால் போதும், மருத்துவமனையிலேயே ஏற்பாடு செய்யலாம் என்றேன். குழுவே கொதித்துப்போனது. ஒரு நோயாளியைத் தினமும் ஐந்து மணி நேரம் முப்பத்தொன்பது டிகிரியில் வைத்திருப்பது மனிதத்தன்மையற்ற செயல், ஒருபோதும் அனுமதிக்க முடியாது என்று எழுதினார்கள். அதே தாளின் அடுத்த பத்தியில், உப்பளத் தொழிலாளர்கள் தங்கள் வழக்கமான வேலையைத் தொடர்வதில் குழுவுக்கு ஆட்சேபணை இல்லை என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டையும் ஒரே ஆள்தான் தட்டச்சு செய்திருப்பார்.

வேலை செய்யாத நாட்களில் பழைய மாத்திரையைக் கொடுக்கலாமே என்று நான் இன்னொரு குறிப்பு அனுப்பினேன். குளிர்ந்த உடம்பில் ஓடு மூடிக் கிடக்கும், மாத்திரை தன் பாட்டுக்கு வேலை செய்யும், இரண்டும் மோதாது. அப்படியானால் ஊசி எதற்கு என்று ஒரே வரியில் பதில் வந்தது. மாவட்டத்தில் மாத்திரை கொடுத்துவந்த நிலையங்களையும் அந்த ஆண்டே மூடிவிட்டார்கள்.

முதல் கோடையில் முடிவு பிரமாதமாக வந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் குணம். ஒருவருக்கும் காது போகவில்லை. எனக்கு விருது கொடுத்தார்கள், பொன்னாடை போர்த்தினார்கள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை கட்டியிருந்தோம். உடம்பு ஐந்து மணி நேரம் சூடாக இருந்தால் அதில் பச்சை விளக்கு எரியும், எண் ஒன்று கூடும். அப்படிக் கூடும் நாளுக்கு வெயில் நாள் என்று பெயர். செங்கல் சூளை, சாலை வேலை, கல் குவாரி என்று எங்கெங்கிருந்தோ ஊசி கேட்டு எழுதினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இவ்வளவு ஆர்வமாக முதலாளிகளே கேட்டு எழுதுகிறார்களே என்று ஒரு நொடியாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முதலில் நிழற்கூரைகள் போயின. நிழல் சிகிச்சைக்கு இடையூறு என்று அண்ணாச்சிகள் மனுக் கொடுத்தார்கள், அது உண்மை என்று என் ஆய்வறிக்கையையே இணைத்திருந்தார்கள். பிறகு விடுமுறை போனது. கால் சுளுக்கு, மாதவிலக்கு, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று எதைச் சொன்னாலும் காசிலிங்கம் அண்ணாச்சி வருத்தத்தோடு கையை விரித்தார். டாக்டரே வெயிலில் நிற்கச் சொல்லியிருக்கிறார், நான் என்ன செய்வேன் என்றார். ஐப்பசி மழையில் அளம் மூடியது. உப்பு வேலை இல்லாத மூன்று மாதமும் ஊசி போட்டவர்களை வேனில் ஏற்றிச் செங்கல் சூளைக்கு அனுப்பினார்கள். அங்கே கூலி கிடையாது. சிகிச்சைக்கு யாராவது கூலி கொடுப்பார்களா என்று சூளைக்காரர் கேட்டாராம்.

2040 பிப்ரவரியில் பாக்கியத்துக்கு இருமல் வந்தது. காசநோய்தான். வெயில் வகையைப் போட்டார்கள், வேறு வகை அந்த மாவட்டத்தில் இல்லவே இல்லை.

மே மாதக் கடைசியில் பகல் பன்னிரண்டு மணிக்கு அவள் என் முகாம் அறைக்கு வந்தாள். அம்மாவும் கூட வந்திருந்தாள். பாக்கியத்தின் கையில் ஒரு கடிதம் இருந்தது. சென்னைக்குப் பக்கத்தில் செல்போன் பாகம் செய்யும் கம்பெனி. குளிரூட்டிய கூடம், விடுதி, சாப்பாடு. ஜூன் பத்தாம் தேதி சேர வேண்டும். சேரும்போது எந்தத் தொற்று நோய்க்கும் சிகிச்சை பாக்கி இல்லை என்று சான்று காட்ட வேண்டும்.

"இன்னும் எத்தன நாள் சார்?" என்று கேட்டாள்.

பட்டையைப் பார்த்தேன். எண்பத்து மூன்று என்று காட்டியது. "தொண்ணூத்தேழு" என்றேன்.

"மேகம் போட்ட நாளையும் சேத்துக்கிடுவியளா?"

"சேராதும்மா."

"அப்ப சீக்கு போணும்னா உப்புலதான் நிக்கணும். இந்த உப்புல நின்னுதான சார் சீக்கே வந்துச்சு."

செல்லக்கனி எங்கள் வாயை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பேசுகிறோம் என்று தெரியாவிட்டாலும் மகள் முகத்திலிருந்து புரிந்துகொண்டாள். தன் குரல் தனக்கே கேட்காததால் அவள் இப்போதெல்லாம் உரக்கத்தான் பேசுவாள்.

"நிழல்ல உக்காரட்டும் சார். நீங்க நெனச்சா முடியும்."

நான் நினைத்தேன். பாக்கியத்தின் சளியை இரண்டு முறை பரிசோதித்திருந்தோம், இரண்டிலும் கிருமி இல்லை. எண்பத்து மூன்று நாளிலேயே நோய் அடங்கியிருந்தது. மிச்சத்தைப் பழைய மாத்திரை பார்த்துக்கொள்ளும். தெரிந்த மருந்துக்கடைக்காரரிடம் சொல்லி நான்கு மாதத்துக்கு வாங்கி, ஒரு துணிப் பையில் போட்டு அவளிடம் கொடுத்தேன். ஒரு நாள்கூட விடக் கூடாது என்று நான்கு முறை சொன்னேன். பிறகு சான்றிதழில் நூற்றெண்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் என்று தெரிந்தே நான் போட்ட ஒரே கையெழுத்து அதுதான். அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

ஜூன் மாதம் ஒரு படம் அனுப்பினாள். வெள்ளை அங்கி, தலையில் உறை, பின்னால் நீளமான மேசைகள். அங்கே குளிர் தாங்கவில்லை, உள்ளே இன்னொரு சட்டை போட்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தாள். செல்லக்கனி அந்தப் படத்தை வந்தவர் போனவர் எல்லோருக்கும் காட்டினாள் என்று கேள்விப்பட்டேன். நானே பத்து முறையாவது எடுத்துப் பார்த்திருப்பேன்.

விடுதிக்குப் போன பிறகு மாத்திரையை அவள் எட்டு நாள்தான் சாப்பிட்டிருக்கிறாள். விடுதியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் பெட்டியைத் திறந்து சோதிப்பார்கள். முதல் வாரமே, பையில் இப்படிப்பட்ட மாத்திரை வைத்திருந்த ஒரு பெண்ணை அன்று மாலையே பேருந்து ஏற்றி அனுப்பியதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். மறுநாள் துணிப் பையோடு குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள். யாராக இருந்தாலும் போட்டிருப்பார்கள். விடுதியைப் பற்றி நான் ஒரு கேள்விகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓடு எத்தனை டிகிரியில் இளகும் என்பதுதான்.

அந்தக் குளிரில் ஓடு இறுகிக் கிடந்தது. ஆனாலும் துளித்துளியாக ஏதோ கசிந்துகொண்டேதான் இருக்கும். கொல்வதற்குப் போதாத அந்தத் துளியில் கிருமி மருந்தோடு பழகிக்கொண்டது. அக்டோபரில் பாக்கியம் இருமத் தொடங்கினாள். மூன்று மருந்துக்கு அசையாத கிருமி. அவளோடு அறையில் இருந்த ஐந்து பெண்களுக்கும் பரவியிருந்தது. அதில் ஒருத்தி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பெண், பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு இறந்துபோனாள். அவள் பெயர் எனக்குத் தெரியும். எழுத மனம் வரவில்லை.

நானே மாலதி மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எண்பத்து மூன்று நாளை நூற்றெண்பது என்று எழுதியது நான், என்ன தண்டனை என்றாலும் சரி என்று எழுதியும் கொடுத்தேன். போலீஸ் வரும், பேப்பரில் பெயர் வரும், அதோடு இந்த ஊசியைப் பற்றிய உண்மையும் ஊருக்குத் தெரியும் என்று எதிர்பார்த்தேன். மேடம் தாளை இரண்டு முறை படித்தார். அவர் முகம் தெளிந்தது. எத்தனை நாள் பாக்கி இருந்தது என்று மறுபடியும் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார்.

"ஆறாயிரம் பேர்ல, சாவுல முடிஞ்ச ஃபெயிலியர் இது ஒண்ணுதான், தயாபரன். இதுவும் நம்ம மருந்தோட தப்பு இல்லன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. உங்களை எதுக்கு நான் அனுப்பணும்?"

என் ஒப்புதல் கடிதத்தைத்தான் அரசாங்கத்துக்கு ஆதாரமாக அனுப்பினார்கள். வெயில் நாட்களை முடிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, ஒரு சாவோடு கூடிய, கையெழுத்திட்ட சாட்சி. இரண்டே மாதத்தில் விதி வந்தது. ஊசி போட்டவர்கள் நூற்றெண்பது வெயில் நாள் முடியும்வரை வேலையிடத்தை விட்டு மாறக் கூடாது. பட்டையைக் கழற்ற முடியாதபடி பூட்ட வேண்டும். வராதவர்களைக் கொண்டுவரும் பொறுப்பு வேலை கொடுப்பவருடையது. விதியின் முன்னுரையில், இரக்கத்தின் பேரில் வழங்கப்பட்ட ஒரு பொய்ச் சான்றிதழால் நேர்ந்த உயிரிழப்பு என்று ஒரு வரி வருகிறது. அந்த இரக்கம் என்னுடையது. பொய்யை எப்படியெல்லாம் எழுதலாம் என்று தெரிந்தவன்தானே கண்டுபிடிக்கவும் முடியும் என்று, மாவட்ட வெயில் நாள் கண்காணிப்புக்கு என்னையே தலைவனாக்கினார்கள். மறுத்திருக்கலாம். வேறு யாராவது வந்தால் இன்னும் கடுமையாக இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒப்புக்கொண்டேன்.

பாக்கியத்தை ஏப்ரலில் திருப்பி அனுப்பினார்கள். சென்னையில் ஊசிக்கு மேல் ஊசி குத்தி நோயை அடக்கியிருந்தார்கள். அது தலைதூக்காமல் இருக்க வேறொரு மருந்து பொதிந்த புது வெயில் வகையைப் போட்டிருந்தார்கள். எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது.

போன வாரம் சோதனைக்காக அந்த அளத்துக்குப் போக வேண்டியிருந்தது. தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, இனி முடியாது என்று ஆன பிறகுதான் போனேன். அம்மாவும் மகளும் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் பாதியாக இளைத்திருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செல்லக்கனிதான் வரப்பேறி வந்தாள். கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தாள். மன்னித்துவிடுங்கள் என்று நான் வாயை அகல விரித்து, அவளுக்குப் புரிய வேண்டும் என்று மெதுவாகச் சொன்னேன். உங்கள் மகளுக்கு நல்லது நினைத்துத்தான் செய்தேன் என்றும் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. உதட்டில் படிந்த உப்பைப் புறங்கையால் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"தெரியும் சார். நீங்க கெட்டவரா இருந்திருந்தா நாங்க சாக்கிரதையா இருந்திருப்போம்."

உரக்கத்தான் சொன்னாள். பக்கத்துப் பாத்திகளில் இருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பாக்கியம் மட்டும் நிமிரவில்லை, வாரிக்கொண்டே இருந்தாள்.